சாயங்காலம் எண்ணினால் ஒன்று குறைகிறது: வாசகர் கேள்வி, அண்ணாச்சி பதில்

போன இதழில் கட்டிங் மெஷின் கார்பன் பிரஷ் பற்றி எழுதும்போது, என் வாடகைக் கடை மெஷின்களில், மெஷின் தொலையாமல் இருக்க, போனுக்குச் சைகை கொடுக்கிற சின்ன புளூடூத் பட்டன் ஒட்டியிருக்கிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். கார்பன் பிரஷைப் பற்றி ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாம் அந்தப் பட்டனைப் பற்றித்தான். அதிலும் செங்கோட்டையில் இருந்து மலை தாண்டி கேரளாவில் புனலூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். சரி, இந்த இதழ் முழுக்க அதையே வைத்துக்கொள்வோம்.

கேள்வி: அண்ணாச்சி, புனலூர், ஆயூர், கொட்டாரக்கரை என்று மூன்று இடத்தில் எனக்கு வேலை ஓடுகிறது. மெஷின் மட்டும் இருபத்தைந்து இருக்கும். இந்த வருஷம் ஒரு ரோட்டரி ஹேமரும் இரண்டு கட்டிங் மெஷினும் காணோம். ஜி.பி.எஸ். போடுவதா, நீங்கள் சொன்ன பட்டன் போடுவதா?
— மேஸ்திரி ஒருவர், புளியரை

முதலில் ஒரு விஷயம். பட்டனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியவே தெரியாது. அதற்குள் சிம் இல்லை, ஜி.பி.எஸ். இல்லை. அது செய்வதெல்லாம் ஒரே வேலைதான்: சில நொடிக்கு ஒரு தடவை தன் நம்பரைச் சொல்லிக்கொண்டே இருக்கும். தெருவில் ஐஸ் வண்டிக்காரர் மணி அடித்துக்கொண்டு போகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு எந்தத் தெரு என்று தெரியாது, கேட்கிற பிள்ளைக்குத்தான் வண்டி பக்கத்தில் வந்துவிட்டது என்று தெரியும். இங்கே கேட்கிற பிள்ளை உங்கள் போன். போனில் உள்ள ஆப் அந்த நம்பரைக் கேட்டதும், போன் அந்த நேரம் எங்கே நிற்கிறதோ அந்த இடத்தையும் நேரத்தையும் சேர்த்து, ‘பிரேக்கர் 4, புனலூர், மாலை 5.40’ என்று குறித்துவைக்கும் (பிரேக்கர் என்றால் கான்கிரீட் உடைக்கிற மெஷின்). ஆக அதில் தெரிகிற இடம் மெஷின் இருக்கிற இடம் இல்லை, கேட்ட போன் இருந்த இடம். இதைப் புரிந்துகொள்ளாமல் பட்டன் வாங்கியவர்கள்தான் ஒரு மாதம் கழித்து ‘இது ஏமாத்து வேலை’ என்று என்னிடம் வந்து சண்டை போடுகிறார்கள்.

ஜி.பி.எஸ். பெட்டி வேறு மாதிரி. அது வானத்தைப் பார்த்துத் தன் இடத்தைத் தானே கண்டுபிடித்து, சிம் வழியாக உங்களுக்கு அனுப்பும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ரீசார்ஜ், ஒவ்வொன்றுக்கும் சார்ஜ். கூரைக்குக் கீழே, கார் நிறுத்தும் தளத்தில் வைத்துவிட்டால் வானமும் தெரியாது. மிக்ஸர் மெஷின், ஜெனரேட்டர், வண்டி இதற்கெல்லாம் ஜி.பி.எஸ். போடுங்கள். கையில் பிடிக்கிற மெஷினுக்குப் பட்டன் போதும்.

இப்போது உங்கள் மூன்று மெஷினுக்கு வருகிறேன். திருட்டுப் போனதா, தொலைந்ததா என்று நீங்கள் எழுதவில்லை, எழுத முடியாது என்பதும் தெரியும். என் கடை நோட்டில் ‘காணோம்’ என்று சிவப்பு மையில் எழுதின பலதும் பிற்பாடு எங்கே கிடைத்தது தெரியுமா? சென்ட்ரிங் ஷீட் அடுக்குக்குக் கீழே. டைல்ஸ் போட வந்தவர் ஆட்டோவில். வயரிங் தம்பி காடி வெட்ட இரவல் வாங்கி, வெட்டி முடித்து, அதே பாத்ரூமில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனான். ஒரு வைப்ரேட்டர் நீடில் நாலு மாதம் கழித்து பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டுக்கு மேலே இருந்தது, யார் வைத்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, எல்லாருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரத்தில், தென்மலை ஏற்றத்தை இருட்டுவதற்குள் ஏறிவிட வேண்டும் என்ற நினைப்பில், யாரும் எண்ணாமல் வண்டி கிளம்புகிற அந்தப் பத்து நிமிஷத்தில்தான் முக்கால்வாசி மெஷின் தொலைகிறது. பட்டன் அந்தப் பத்து நிமிஷத்துக்கானது. திருடனைப் பிடிக்க அல்ல.

நான் செய்வது இதுதான். மெஷின் எல்லாம் வண்டியில் ஏற்றியதும் டிரைவர் தம்பி போனை எடுத்து ஆப்பைத் திறப்பான். கடைசி இரண்டு நிமிஷத்தில் எந்தெந்தப் பட்டன் கேட்டது என்று பட்டியல் வரும். பன்னிரண்டு போனது, பதினொன்று வந்திருக்கிறது என்றால் அங்கேயே இறங்கித் தேடலாம். அன்றைக்கு புனலூரில் வார்ப்பு (அங்கே கான்கிரீட் போடுவதை அப்படித்தான் சொல்வார்கள், மலையைத் தாண்டியதும் நம் ஆட்களும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள்) முடித்து வரும்போது பிரேக்கர் 4 வண்டிக்கு வந்து சேரவில்லை. போனில் அதன் பெயர் இருந்தது, ஆனால் அதற்கு நேரே மைனஸ் 92 என்று காட்டியது. அது சத்தத்தின் அளவு மாதிரி. பூஜ்யத்தை நோக்கி வர வர மெஷின் பக்கத்தில் இருக்கிறது. மைனஸ் 50, 60 என்றால் கைக்கெட்டும் தூரம், 90 தாண்டினால் எங்கோ தூரத்திலோ சுவருக்கு அப்பாலோ இருக்கிறது. மீட்டர் கணக்கில் தூரம் காட்டுகிற ஆப் இருந்தால் அந்த மீட்டரை நம்பாதீர்கள், நடுவில் ஒரு ஆள் வந்து நின்றாலே அது மாறும்.

ஆனால் அந்த ஆள் நிற்கிறதையே நாம் பயன்படுத்திக்கொள்ளலாம். புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். தண்ணீர் அதை நன்றாக உறிஞ்சும், நம் உடம்பில் பெரும்பங்கு தண்ணீர்தானே. போனை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். எந்தப் பக்கம் திரும்பும்போது எண் திடீரென்று மோசமாகிறதோ, மெஷின் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறது. அப்படிச் சுற்றிச் சுற்றி, மாடிப்படிக்குக் கீழே ஜல்லி மூட்டைக்குப் பின்னால் மைனஸ் 58 வந்தது. சிமெண்ட் சாக்கை விலக்கினால் பிரேக்கர் படுத்திருக்கிறது. மொத்தம் ஏழு நிமிஷம். அன்றைக்கு அதை விட்டுவிட்டு வந்திருந்தால் மறுநாள் ஐம்பது கிலோமீட்டர் திரும்பப் போயிருக்க வேண்டும், அதுவும் அது அங்கேயே இருந்திருந்தால்.

கேள்வி: எங்கள் வேலை ஆரியங்காவுக்கும் தென்மலைக்கும் நடுவில், எஸ்டேட் பக்கம். போன் டவரே கிடைக்காது. அங்கே இது வேலை செய்யுமா?
— ஓட்டுநர், கேசவபுரம்

பட்டனுக்கும் போனுக்கும் நடுவில் டவருக்கு வேலையே இல்லை. போன் ஏரோப்ளேன் மோடில் இருந்தாலும் புளூடூத்தை மட்டும் தனியாகப் போட்டுவிட்டால் கேட்கும். கேட்டதைச் சர்வருக்கு அனுப்பத்தான் இணையம் வேண்டும். நல்ல ஆப் என்றால் கேட்டதை எல்லாம் போனிலேயே வைத்திருந்து, புளியரை இறங்கி டவர் வந்ததும் மொத்தமாக அனுப்பும். வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: டேட்டாவை அணைத்துவிட்டுக் காட்டு, பட்டியல் வருகிறதா பார்ப்போம்.

இன்னொன்று, ஆண்ட்ராய்டு போனில் லொகேஷனை அணைத்து வைத்திருந்தால் பல ஆப்பில் ஒரு பட்டனும் தெரியாது. சார்ஜ் மிச்சம் பிடிக்கிற அமைப்பு போட்டிருந்தால் திரை அணைந்த உடனே ஆப் தூங்கிவிடும். ‘பட்டன் செத்துப்போச்சு’ என்று எனக்கு வந்த புகார்களில் பாதி இந்த இரண்டும்தான்.

கேள்வி: வண்டியில் இரும்புப் பெட்டி வைத்து அதற்குள்தான் மெஷின் பூட்டுகிறோம். மூடியதும் எல்லாம் காணாமல் போகிறதே?
— சென்ட்ரிங் வேலைக்காரர், வடகரை

போகத்தான் செய்யும். நாலு பக்கமும் இரும்பு என்றால் அலை வெளியே வராது. மூடுவதற்கு முன் எண்ணுங்கள். அல்லது பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றைச் சார்ஜில் போட்டுப் பெட்டிக்கு உள்ளேயே வைத்தீர்களானால் அது கேட்டுக் குறித்துவைக்கும், திறந்த பிறகு அனுப்பும். என் குடோனில் அப்படி ஒரு உடைந்த திரை போன் மூன்று வருஷமாகச் சுவரில் தொங்குகிறது. போனுக்குப் பதிலாகப் பட்டன்களைக் கேட்பதற்கென்றே கேட்வே என்று தனியாக ஒரு பெட்டி விற்கிறார்கள், குடோன் பெரிதாக இருந்தால் அது வசதி. எனக்கு அந்த உடைந்த போன் போதும்.

கேள்வி: ஒரு வருஷம் பேட்டரி நிற்கும் என்று சொல்லி விற்றார்கள். மூன்று மாதத்தில் தீர்ந்துவிட்டது. சாரல் காலத்தில் தண்ணீர் புகுந்திருக்குமா?
— டைல்ஸ் மேஸ்திரி, பண்பொழி

தண்ணீர் காரணமாக இருக்கலாம், ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது அமைப்பை. உள்ளே இருப்பது சி.ஆர். 2032 என்கிற காசு மாதிரி பேட்டரி. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், அதனால்தான் அந்தப் பெயர். 3 வோல்ட், சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. அதை வைத்து எவ்வளவு நாள் ஓடும் என்பது பட்டன் எத்தனை தடவை கத்துகிறது என்பதில்தான் இருக்கிறது. கம்பெனியில் இருந்து வரும்போது நொடிக்குப் பத்துத் தடவை கத்துகிற மாதிரி வைத்து அனுப்புகிறவர்கள் உண்டு, கடையில் காட்டும்போது டக்கென்று தெரிய வேண்டும் என்பதற்காக. அதே பட்டனை இரண்டு நொடிக்கு ஒரு தடவை என்று மாற்றிவிட்டால் ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை. ரொம்ப ஆசைப்பட்டுப் பத்து நொடிக்கு ஒரு தடவை என்று வைத்துவிடாதீர்கள். மூன்று வருஷம் ஓடும், ஆனால் சாயங்காலம் எண்ணும்போது டிரைவர் நாலைந்து நொடி பார்த்துவிட்டு ‘வரல’ என்று சொல்லிவிடுவான், பட்டன் அதற்குப் பிறகு கத்தும். சத்தத்தின் பலத்தையும் கொஞ்சம் குறைத்து வைக்கலாம், நமக்கு வேண்டியது வண்டியைச் சுற்றி இருபது முப்பது மீட்டர்தானே.

சாரலுக்கு, ஐ.பி. 67 என்று போட்டிருக்கிற பட்டன் வாங்குங்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று அர்த்தம். ஜூன், ஜூலையில் இந்தப் பக்கம் அது போதாது என்று தோன்றும், ஆனால் போதும். பேட்டரி மாற்றும்போது மட்டும் உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் மடங்காமல் உட்கார்ந்ததா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். அங்கேதான் தண்ணீர் நுழைகிறது.

ஒரு விஷயம், சிரிக்காமல் கேளுங்கள். மாற்றிய பழைய பேட்டரியை வீட்டு ஜன்னலில் வைக்காதீர்கள். சின்னப் பிள்ளை அதை விழுங்கினால் உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும், தீர்ந்த பேட்டரிகூட. சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், ‘வெளியே வந்துவிடும்’ என்று காத்திருக்கக் கூடாது. சைட்டில் சித்தாள் அம்மாக்கள் பிள்ளையைக் கூட்டி வருகிற இடம் இது, அதனால்தான் சொல்கிறேன்.

கேள்வி: ஐம்பது பட்டன் மொத்தமாக வாங்கினேன். ஆப்பில் ஐம்பதும் ஒரே பெயரில் வருகிறது. என்ன செய்ய?
— சிவில் இன்ஜினியர், கடையநல்லூர்

தம்பி, மலிவாக வாங்கினால் அப்படித்தான். பட்டன் தன் நம்பரைச் சொல்கிற முறைகளில் ஒன்றான ஐபீக்கன் முறையில் ஒவ்வொரு பட்டனுக்கும் மூன்று எண் உண்டு: நீளமான ஒன்று, அது உங்கள் கம்பெனிக்கு, மேஜர், மைனர் என்று இன்னும் இரண்டு, ஒவ்வொன்றும் 65,535 வரை போகும். கம்பெனியில் எல்லாவற்றுக்கும் ஒரே எண் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். மேஜரைச் சைட்டுக்கு வைக்காதீர்கள், மெஷின் சைட் மாறிக்கொண்டே இருக்கும். மெஷின் வகைக்கு வையுங்கள், மைனரை மெஷின் நம்பருக்கு. ஒவ்வொன்றாக எடுத்து மாற்றுங்கள், மற்ற நாற்பத்தொன்பதையும் வேறு அறையில் வைத்துவிட்டு. நான் எல்லாவற்றையும் ஒரே மேஜையில் கொட்டி வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். கையோடு பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள், ஆறு பூஜ்யம் என்று விட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் அணைத்துவிடலாம்.

கேள்வி: பட்டனை எங்கே ஒட்டுவது? டபுள் சைடு டேப் நிற்கவில்லை.
— வாடகைக் கடைக்காரர், தென்காசி

நிற்காது. என் முதல் பாடம் அதில்தான். கட்டிங் மெஷினில் டேப் போட்டு ஒட்டினேன், மோட்டார் சூட்டிலும் அதிர்விலும் பசை இளகி ஒரே வாரத்தில் விழுந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஆப்பில் எல்லாம் வந்துவிட்டதாகக் காட்டியது, நிம்மதியாக வீட்டுக்கு வந்து பார்த்தால் பட்டன் மட்டும் வண்டித் தரையில் சிமெண்ட் தூசிக்குள் கிடக்கிறது, மெஷின் புனலூரில்.

பெட்டியிலும் ஒட்டாதீர்கள். பெட்டி வரும், மெஷின் வராது. மெஷினின் பிளாஸ்டிக் உடம்பில், காற்று போகிற துளையை மறைக்காமல், கை படாத இடமாகப் பார்த்து, முதலில் தின்னர் தொட்ட துணியால் கிரீஸைத் துடைத்து, இரண்டு டியூப் கலக்குகிற எபாக்ஸி பசை வைத்து ஒட்டுங்கள், அதற்கு மேல் ஒரு கேபிள் டை. உலோக உடம்பு மேல் நேரடியாக ஒட்டினால் அலை மங்கிவிடும், நடுவில் மூன்று நாலு மில்லிமீட்டர் ரப்பர் துண்டு வையுங்கள். மெஷினைத் திறந்து உள்ளே ஒளித்து வைக்கலாமே என்று கேட்பீர்கள். வாரண்டி போகும், உள்ளே கார்பன் தூசி, சூடு, பேட்டரி வேறு மாற்ற முடியாது. ஹில்டி, மில்வாக்கி மாதிரிக் கம்பெனிகள் தங்கள் மெஷினோடு சேர்ந்த கண்காணிப்பு முறையையே விற்கிறார்கள். நம்மிடம் ஆறு கம்பெனி மெஷின் கலந்து கிடக்கிறதே, அதற்குத் தனிப் பட்டன்தான் சரி.

கேள்வி: என் வீட்டுக்காரர் கான்ட்ராக்டர். கணக்கு நான்தான் பார்க்கிறேன். பட்டன் போடலாம் என்று சொன்னதும் பழைய கொத்தனார் ஒருவர், ‘எங்களைத் திருடன் என்று நினைக்கிறீர்களா’ என்று கேட்டுவிட்டார். பதினெட்டு வருஷமாக எங்களோடு இருப்பவர். எனக்குச் சங்கடமாக இருக்கிறது.
— வாசகி, இலஞ்சி

தங்கச்சி, வந்த கேள்விகளில் இதற்குப் பதில் எழுதத்தான் எனக்கு அதிக நேரம் ஆனது.

பல வருஷம் முன்னால், பட்டன் எல்லாம் வருவதற்கு முன், ஒரு லேசர் லெவல் காணாமல் போனது. கடைசியாகக் கையில் வைத்திருந்தது ஒடிசா பக்கத்துப் பையன் ஒருவன். தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. நான் கத்திய கத்துக்கு அவன் தலையை ஆட்டினான், நான் அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். சம்பளத்தில் பிடித்தேன். இரண்டு வாரம் கழித்து அந்த லெவல் கிடைத்தது, பரண் மேல், அதன் பெட்டிக்குள்ளேயே, பத்திரமாக, நானே ஏற்றி வைத்தது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவன் ஊருக்குப் போய்விட்டிருந்தான். அவனோடு வந்த பையனிடம் கொடுத்து அனுப்பினேன், போய்ச் சேர்ந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

உங்கள் கொத்தனாரிடம் இதைச் சொல்லுங்கள்: அவர் வேலை முடித்து ஐந்தரைக்கு மெஷினை ஒப்படைத்தார் என்று போன் குறித்துவிட்டால், அதன் பிறகு அது காணாமல் போனாலும் அவரை யாரும் கேட்க முடியாது. பட்டன் ஒட்டுவதற்கு முன் சொல்ல வேண்டும், ஒட்டிய பிறகு அல்ல. மறைத்து வைக்கவே கூடாது. எண்ணுகிற வேலையை அவரிடமே கொடுங்கள், பட்டியலைப் பார்ப்பவர் அவராகவே இருக்கட்டும்.

மெஷினுக்கு மட்டும் போடுங்கள், ஆளுக்குப் போடாதீர்கள். ஹெல்மெட்டிலும் அடையாள அட்டையிலும் வைத்து யார் எத்தனை மணிக்கு டீ குடிக்கப் போனார் என்று பார்க்கிற முறையும் விற்கிறார்கள். வாங்கிக்கொள்ளச் சொல்லி என்னிடமும் வந்தார்கள், திருப்பி அனுப்பிவிட்டேன். கொத்தனாருடைய சொந்தக் கரணை, ரசமட்டம், தூக்குக்குண்டு அவர் பையில் இருக்கும். அந்தப் பை பக்கமே போக வேண்டாம்.

கேள்வி: சாவிக்கொத்தில் மாட்டுகிற டேக், ஊரில் உள்ள எல்லா போன் வழியாகவும் இடம் காட்டுமாமே. அதை மெஷினில் போட்டால் திருடன் வீடு வரை தெரியுமே?
— பெயின்டர், அச்சன்புதூர்

ஆப்பிள் ஏர்டேக் 2021இல் வந்தது, கூகுளின் வலை 2024இல் தொடங்கியது. ரோட்டில் போகிற யார் போனாவது உங்கள் டேக்கைக் கேட்டால், அவருக்கே தெரியாமல், உங்களுக்கு இடம் வந்து சேரும். கடையநல்லூர் பஜாரில் விழுந்தால் கிடைத்துவிடும். தென்மலைக் காட்டுக்குள் விழுந்தால் கேட்க யார் இருக்கிறார்கள், குரங்கு கையில் போன் இல்லை. கூகுள் வலையில் சாதாரண அமைப்பில் ஒரே ஒரு போன் கேட்டால் போதாது, பல போன் கேட்ட இடத்தைத்தான் காட்டும்.

இன்னொரு சிக்கல். யாருடைய டேக்கோ உங்களோடு சேர்ந்து பயணம் செய்கிறது என்றால் உங்கள் போனில் எச்சரிக்கை வரும். பெண்களை யாரும் ரகசியமாகப் பின்தொடரக் கூடாது என்பதற்காகக் கொண்டுவந்தது, 2024 மே முதல் ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் பொதுவாக வந்துவிட்டது. நல்ல விஷயம், வேண்டிய விஷயம். ஆனால் மெஷினைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கும் அதே எச்சரிக்கை வரும், பிய்த்துப் போட்டுவிடுவான். அவன் பிய்ப்பதற்குள் இடம் தெரிந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

தெரிந்தாலும் நீங்களாகப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். போனில் காட்டுகிற புள்ளி பக்கத்து வீடாகவும் இருக்கலாம். போலீஸுக்குப் போங்கள். திருட்டு கேரளாவில் நடந்தது, நான் தமிழ்நாடு, எங்கே புகார் கொடுப்பது என்று அலைய வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டம் 173ஆம் பிரிவின்படி சம்பவம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் நீங்கள் இருக்கிற ஊர் ஸ்டேஷனிலேயே சொல்லலாம், ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான், அவர்கள் உரிய ஸ்டேஷனுக்கு மாற்றி அனுப்புவார்கள். அதற்கு மெஷின் பில்லும், உடம்பில் பொறித்த சீரியல் நம்பரும் வேண்டும். பட்டன் தேடி வாங்குகிற நேரத்தில் பாதியை இதற்குச் செலவழியுங்கள்: இன்றைக்கே எல்லா மெஷினையும் வரிசையாக வைத்து, நம்பர் தகட்டைப் போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கட்டிங் மெஷினில் அந்தத் தகடு சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கேள்வி: புளூடூத் என்றால் நீலப் பல்லா? ஏன் அப்படி ஒரு பெயர்?
— பத்தாம் வகுப்பு மாணவி, செங்கோட்டை

ஆமாம், நீலப் பல்தான். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்கிற ராஜாவின் பட்டப்பெயர். பிரிந்து கிடந்த கூட்டங்களை அவர் ஒன்று சேர்த்தார் என்பதால், வேறு வேறு கம்பெனிக் கருவிகளை ஒன்றோடு ஒன்று பேச வைக்கிற முறைக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். நாம் பேசுகிற இந்தக் குறைந்த மின்சாரப் பட்டன் வகை 2010இல் வந்த புளூடூத் 4.0இல்தான் சேர்ந்தது. உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள், நம் செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று அந்தப் பக்கம் இருந்து, அப்புறம் இந்தப் பக்கம் சேர்ந்த ஊர்தான்.

கேள்வி: மண்வெட்டி, கடப்பாரை, சட்டி, ஜாக்கி, இதற்கெல்லாம் பட்டன் ஒட்டலாமா?
— மேஸ்திரி, மேக்கரை

வேண்டாம். பட்டன் விலைக்குச் சட்டியே வாங்கலாம். கடப்பாரை முழு இரும்பு, அதில் ஒட்டினால் ஒரே நாளில் அடிபட்டு நொறுங்கும். சென்ட்ரிங்குக்கு முட்டுக் கொடுக்கிற ஜாக்கிகள் நூறு இருநூறு என்று போகும், அவற்றை ஒவ்வொன்றாகக் கண்காணிப்பதைவிட ஏற்றும்போதும் இறக்கும்போதும் கட்டு கட்டாக எண்ணி நோட்டில் எழுதுவதே மேல். இதற்கெல்லாம் நம் பழைய பெயின்ட்தான். பிடியிலும் காம்பிலும் இரண்டு நிறத்தில் பட்டை அடியுங்கள், ஒரே நிறம் என்றால் பக்கத்து சைட்டிலும் அதே நிறம் இருக்கும். எனாமல் பெயின்ட், இரண்டு கோட், வருஷத்துக்கு ஒரு தடவை.

என் கடை நிறம் மஞ்சளும் சிவப்பும். அந்த நிறத்தில் கடப்பாரை ஏதாவது ஆரியங்காவு பக்கம் கண்ணில் பட்டால் சொல்லி அனுப்புங்கள், இரண்டு வர வேண்டியிருக்கிறது.